அம்மாவின் பெயர் இல்லாத தீர்மானம்

“இவ்ளோ படிச்சிக்கினு இன்னா பண்ணப்போற? உங்கம்மாவ கூட்டியாந்துடுவியா?”

ரேஷன் கடை வரிசையில் அத்தை இப்படிக் கேட்டாள். அத்தை என்றால் நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. குத்திக் காட்டவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம். படிப்பு எதற்கெல்லாம் உதவும், எதற்கெல்லாம் உதவாது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. முதலில் படித்தவள் நான், அதனால் என்னைத்தான் கேட்கவேண்டும். கைரேகை வைக்கிற மெஷின் அன்றைக்கு வேலை செய்யவில்லை. வரிசை நகரவில்லை. அந்தக் கேள்வியோடு அவள் பக்கத்திலேயே வெகுநேரம் நிற்கவேண்டியிருந்தது.

படித்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கத் தெரியாது. சின்ன வயதில் பஸ் நிறுத்தத்தில் எங்கள் தெரு மொத்தமும் என்னைத்தான் கேட்கும். “பாப்பா, இது அவலூர்பேட்டை வண்டியா, திண்டிவனம் வண்டியா பாரு.” நான் பலகையைப் படித்துச் சொல்வேன். பெரியவர்கள் என் சொல்லை நம்பிக் கூடையோடு ஏறுவார்கள். ஒருநாள்கூட நான் அவர்களைத் தப்பான வண்டியில் ஏற்றியதில்லை. பிறகு கல்லூரிக்கும் போனேன். பட்டம் வாங்கிய போட்டோவை நைனா கண்ணாடி போட்டு மாட்டினார். நெல் மண்டியில் அவரோடு மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுக்கு வந்தால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் போட்டோவைக் காட்டுவார்.

அந்தப் போட்டோவை அம்மா நேரில் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் நைனாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க மூட்டை தூக்க முடியாமல் போனது. அந்த வருடம்தான் அம்மா வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். அது எப்போதோ முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. அனுப்பிவைத்த ஏஜெண்ட்டின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. நான் இணையத்தில் புகார் பதிந்தேன். திறந்து பார்க்கும்போதெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருக்கும். பிறகு அம்மாவின் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக அவள் பேசியது பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஓர் ஆந்திராப் பெண்ணின் போனில். மொட்டைமாடியில் துணி காயவைக்க வந்த இடத்தில் பேசினாள். துணி உதறுகிற சத்தம் கேட்டது. இடையிடையே யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள் போல, பேச்சு நின்று நின்று வந்தது.

“கேட்டுக்கினே இருக்கறியா?”

“கேட்டுக்கினுதாம்மா இருக்கறேன். கம்ப்ளைண்ட் குடுத்திருக்கறேன்.”

“பேர சொல்லி கேளுடி. ஊரு பேரு, எம்பேரு எல்லாம் சொல்லி, நாலு பேருக்கு கேக்கற மாரி. மைக்குல கூப்புடுவியே, அந்த மாரி. பேரு இல்லாம கேட்டா நான் யாருன்னு இவங்களுக்கு எப்டி தெரியும்? என்னாட்டம் எத்தினியோ பொம்பளைங்க இங்க.”

“பயமா இல்லியாம்மா?”

“பயந்துக்கினுதான இத்தினி நாளா இருக்கறேன். நைனா சாப்டுதா?”

அதோடு லைன் கட்டானது. அந்த நம்பருக்கு நான் பிறகு எத்தனையோ முறை அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.

அம்மா சொன்ன மைக் என்ன என்று சொல்லவேண்டும். செஞ்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு வைத்திருக்கிறோம். கோட்டைப் படிகளில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது, ரத்ததானம், பத்தாவது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்று ஏதாவது நடக்கும். பெரிய வேலை மேல்மலையனூரில். அமாவாசைக்கு அங்காளம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ஆள் தவறிப்போவது சாதாரணம். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டு, காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுவோம். எனக்கும் என் தோழிக்கும் அந்தப் பந்தல்தான் வேலை. அவள் எங்கள் பக்கத்துத் தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தேடி வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள், கோபமாக வருவார்கள். அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேரும் ஊரும் கட்டியிருக்கும் சேலை நிறமும் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் நீட்டுவாள். நான் படிப்பேன். பேர் சொன்னால்தான் ஆள் வரும். ‘ஒரு வயதான அம்மாவைக் காணவில்லை’ என்று சொன்னால் அத்தனை கூட்டத்தில் ஒரு தலையும் திரும்பாது. நான் பிளஸ் டூ படித்த வருடம் அம்மா கூட்டத்தில் நின்று என் குரலைக் கேட்டுவிட்டு, பந்தலுக்கு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் புளிச்சோறு ஊட்டிவிட்டுப் போனாள். கையில் தாளும் மைக்கும் இருந்ததால் ஊட்டிவிடத்தான் வேண்டியிருந்தது.

இனி எங்கள் குழு தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு வருகிறேன்.

அம்மா இருக்கும் நாட்டிலிருந்து ஓர் அமைச்சர் டெல்லிக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. தொழிலாளர்களை அனுப்புவது பற்றி ஏதோ ஒப்பந்தம் போடப்போகிறார்கள். எங்களைப்போல மாவட்டத்தில் உள்ள பல குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று உண்டு. அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. வேலைக்குப் போனவர்களின் உரிமையைப் பற்றி நம் அரசு அந்த நாட்டிடம் வெளிப்படையாகக் கேட்கவேண்டும் என்று நாம் பகிரங்கமாக அறிக்கை விடலாமா? ஒவ்வொரு குழுவும் தன் நிலைப்பாட்டைத் தீர்மானமாக எழுதி அனுப்பவேண்டும். தெரிந்த ஆள் யாராவது அங்கே மாட்டியிருந்தால் பெயர், ஊரோடு சேர்த்து எழுதலாம்.

செய்தியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடானது. பெயரோடு, ஊரோடு. அம்மா கேட்டது அதைத்தான்.

ஆனால் எங்கள் குழுவுக்கு ஒரு விதி இருந்தது. ஒருமுறை ஓர் உறுப்பினர் தன் கடை வாசலில் வேகத்தடை போடவேண்டும் என்று குழுவின் பேரில் மனு எழுதவைத்துவிட்டார். பெரிய சண்டை. அதன்பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பேசப்படுவது யாருக்காவது சொந்த விஷயம் என்றால், அவர் வெளியே போய் உட்காரவேண்டும். பேசக்கூடாது, கை தூக்கக்கூடாது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் இல்லை. அன்றைக்கு முதலில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. படித்தவர்கள் நியாயமாக நடப்பது இப்படித்தான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறையில் நடக்கும். அந்தக் கடை எங்கள் குழுவின் செயலாளர் அண்ணனுடையது. மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே டீக்கடையில் நானும் தோழியும் டீ குடித்தோம்.

“அம்மா சொன்னத நீ உள்ள சொல்லிடு,” என்றேன். “பேரோடதான் கேக்கணும்னு அதுவே சொல்லிச்சி. அத மட்டும் சொன்னா போதும்.”

“சொல்றன்டி. இதெல்லாம் எனக்கு சொல்லணுமா?” என் டம்ளரையும் வாங்கி வைத்துவிட்டு அவள் முன்னால் ஏறினாள்.

நான் மேல்படியில் உட்கார்ந்தேன். அறையின் ஜன்னல் என் தலைக்கு மேலேயே இருந்தது. கதவைச் சாத்தினார்கள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளே எல்லோருக்கும் தெரியும். எதிர்க் கைப்பிடிச் சுவரில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குரங்கு யாரோ போட்ட பிஸ்கட் உறையை நக்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து டீ மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாம்மா, வெளில உக்கார வெச்சிட்டாங்களா? ஓம்வொர்க் எழுதலியா?”

சிரித்துவைத்தேன்.

உள்ளே செயலாளர் அண்ணன் கேள்வியைப் படித்தார். முதலில் பேசியது ஆட்டோ ஓட்டும் உறுப்பினர். அவர் முன்பு சில வருடம் அதே பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பியவர்.

“செஞ்சில நாம தீர்மானம் போட்டா அங்க எவன் படிக்கப் போறான்?”

“அங்க படிக்க வேணாம்பா. டெல்லில படிக்கட்டும்,” என்றார் அண்ணன்.

“டெல்லியே படிக்கிது பாரு. போன மாசம் நம்ம ரூமுக்கு கரண்ட் பில்லு கட்லன்னு ஃபியூஸ புடுங்கிட்டு பூட்டான். நாம வெளிநாட்டு மந்திரிக்கு கண்டனம் தெரிவிக்கிறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் படியில் உட்கார்ந்து சிரித்தேன். அது உண்மை. மின்விசிறி இல்லாமல் போன கூட்டத்தை நடத்தினோம்.

அடுத்து மேல்சித்தாமூரிலிருந்து வருகிற ஐயா பேசினார். மணிலா, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர். சமண மடத்துப் பக்கம் வீடு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. “நான் ஒண்ணு சொல்றேன். எட கொறயுதுன்னு ஒருத்தன நாலு பேர் எதிர்ல கேட்டுப் பாருங்க. சாகற வரைக்கும் ஒத்துக்க மாட்டான். தனியா கூப்ட்டு, டீ வாங்கி குடுத்து, ‘இன்னாப்பா இப்டி’ன்னு கேட்டா மறுநாள் வேற மூட்ட வந்துடும். நாட்டுக்கு நாடும் அப்டித்தான். அரசாங்கம் தனியா பேசட்டும். நாம சத்தம் போட்டா அவன் வீம்புக்கு நிப்பான்.”

“மூட்ட வேற, ஆளு வேற ஐயா,” என்றார் ஆட்டோக்காரர். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. “தனியா பேசறது இருக்கட்டும். பேசனாங்களா இல்லியான்னு நமக்கு எப்டி தெரியும்? நான் அங்க இருந்தப்ப கூட வேல செஞ்ச ஒருத்தன் சம்பளம் இல்லாம ஒன்ற வருசம் கெடந்தான். தனியாத்தான் பேசிக்கினு இருந்தாங்க.”

எனக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது.

வாதம் வளர்ந்தது. நம் நாட்டில் வீட்டுவேலை செய்கிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம், அடுத்த நாட்டைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை என்று ஒருவர் கேட்டார். அப்படிப் பார்த்தால் உலகத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்கமுடியாது என்று அண்ணன் சொன்னார். அங்கே நம் ஆட்கள் எத்தனையோ பேர் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், அந்தப் பிழைப்பில் மண் விழுந்துவிடக்கூடாது என்றார் இன்னொருவர். ஒன்று சொல்லவேண்டும். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் யோசித்துத்தான் பேசினார்கள். தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி என்றால் அந்தக் கூட்டத்தில் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் அவர்கள் பேசியது தெரியாத பெண்ணைப் பற்றி அல்ல. என் அம்மாவை ‘சம்பந்தப்பட்டவங்க’ என்று சொன்னார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே இருந்ததால், மரியாதைக்காகச் சொன்னார்கள்.

மெல்ல மெல்ல அண்ணன் எல்லோரையும் ஒரு பக்கம் கொண்டுவந்தார். அறிக்கை விடலாம் என்றானது. ஐயாகூட, “எல்லாரும் சொல்றீங்க, நான் குறுக்க நிக்கல,” என்று ஒத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது ஒரே விஷயம்.

“பேரு போடணுமா, வேணாமா? இதுல சம்பந்தப்பட்டவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று அண்ணன் கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுதான் இடம். இப்போது அவள் சொல்வாள்.

பிறகு தோழியின் குரல் வந்தது.

“பேரு வேணாம்ணா.”

“ஏம்மா?”

“அந்தம்மா அங்க இருக்குது. நாம இங்க பேசிட்டு வூட்டுக்கு பூடுவோம். அதுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா?”

அந்தம்மா. புளிச்சோறு உருண்டையை இவள் வாயில் முதலில் வைத்துவிட்டுத்தான் என் வாயில் வைத்தாள் என் அம்மா. ‘பெரிம்மா’ என்று தவிர வேறுமாதிரி இவள் கூப்பிட்டதில்லை.

“பேரு, ஊரு போட்டா நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றாள் மறுபடியும். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் இல்லை. அக்கறையாகத்தான் சொல்கிறாள் என்று உள்ளே எல்லோரும் நினைத்தார்கள். ஐயா, “கொழந்த சொல்றது சரிதான்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ஞாபகம் வந்தான். அவனுக்கு அதே நாட்டில் டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்தது. ஒப்பந்தத்தை நான்தான் வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். “பாஸ்போர்ட்ட மட்டும் கைய விட்டு குடுக்காதண்ணா” என்றும் சொல்லியிருந்தேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. விதிப்படி பார்த்தால் அவளும் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

ஜன்னல் தலைக்கு மேலேதான் இருந்தது. எழுந்து நின்று இதைச் சொல்லியிருந்தால் போதும். அவளுடைய மறுப்பு செல்லாது. அம்மாவின் பெயர் தீர்மானத்தில் ஏறியிருக்கும். எழுந்தேன். கம்பியைப் பிடித்தேன். அவள் முதுகு தெரிந்தது. பின்னலில் நான் கொடுத்த ரப்பர் பேண்ட். எவ்வளவோ பேரை மைக்கில் கூப்பிட்ட எனக்கு, அவளைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

பேர் போனபிறகு மற்றதும் ஒவ்வொன்றாகப் போனது. ஆளே இல்லாதபோது நாட்டின் பெயர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நாட்டின் பெயர் போனது. நாடே இல்லாதபோது ‘கண்டிக்கிறோம்’ எதற்கு? அதுவும் போனது.

கதவு திறந்தது. “உள்ள வாம்மா,” என்றார் அண்ணன். “தீர்மானம் முடிஞ்சிது. நீயே எழுதிடு. உன்னாட்டம் யாருக்கு எழுத்து வருது?”

எங்கள் தீர்மானங்களைச் சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதி, படிக்குக் கீழே உள்ள பலகையில் ஒட்டி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புவது வழக்கம். எப்போதும் நான்தான் எழுதுவேன். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் சொல்லச்சொல்ல எழுதினேன். “மனித உரிமைகளை மதிக்கும் நல்லுறவுகளை நம் நாடு எல்லா நாடுகளுடனும் வளர்க்கவேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.” என் எழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் வந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்க்கரை மூடிவிட்டு, “எங்கம்மா பேர சொல்லித்தான் கேக்கச் சொல்லிச்சி,” என்றேன்.

ஐயா வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். “முன்னாடியே யார்ட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா.”

தோழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. “தோணல ஐயா,” என்றேன்.

“முடிச்சிட்டமேம்மா,” என்றார் அண்ணன். அவருக்கும் சங்கடம். “திரும்ப எடுக்கணும்னா அடுத்த மாசம் கூட்டத்துலதான். உனக்காக விதிய மாத்துனா, அப்புறம் வேகத்தட கேட்டவருக்கு இன்னா சொல்றது?” அடுத்த மாதத்துக்குள் அந்த அமைச்சர் வந்து திரும்பியே போய்விடுவார். அது அவருக்கும் தெரியும்.

எல்லோரும் இறங்கிப்போன பிறகு தோழி படியில் என்னைப் பிடித்தாள்.

“எங்கண்ணனுக்கு விசா வந்திருக்குதுடி.”

“தெரியும். பேப்பர நான்தான படிச்சேன்.”

“அண்ணன அனுப்பற ஏஜெண்ட்டு போன் பண்ணான். உங்க ஊர் பொம்பள கேஸு ஒண்ணு இருக்குதாமே, அது பேப்பர்ல வந்தா இந்தப் பக்கத்து ஆளுங்களயே எடுக்க மாட்டானுங்கன்றான். கொல்லி நெலத்த அடமானம் வெச்சிதான்டி அனுப்பறோம். எங்கம்மா சோறு கூட சாப்டல. நான் இன்னாடி பண்ணுவேன்?”

“வெளில வந்திருக்கலாம்.”

“இன்னா?”

“எங்கூட வெளில வந்து உக்காந்திருக்கலாம். படியில எடம் இருந்திச்சி.”

அவள் அழுதாள். என் கையைத் தேடினாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் ஒருநாள் தணிந்திருக்கும். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். என்னைச் சொல்லச் சொன்னதை உள்ளே சொல்லியிருப்பேன் என்றுதான் அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது.

மறுநாள் மண்டியில் வேலை முடிந்து வந்த நைனாவோடு பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தேன். பலகைக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு சார்ட் பேப்பரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனால் என் எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

“ஒன் எழுத்தாட்டம் இருக்குது.”

“ஆமா நைனா.”

“உங்கம்மா விசயந்தான?”

“ஆமா.”

கிட்டே போனார். விரலைத் தூக்கினார். “இதுல உங்கம்மா பேரு எந்த எடத்துல இருக்குது?”

எந்த இடத்தைக் காட்டினாலும் நம்பியிருப்பார். பஸ் பலகையைப் படிக்கச் சொல்லி என் சொல்லை நம்பி ஏறியவர்களில் அவரும் ஒருவர்.

“இல்ல நைனா,” என்றேன். “அம்மா பேரு இதுல இல்ல.”

தூக்கிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ம்,” என்றார். பிறகு, “எழுத்து நல்லா இருக்குது,” என்றார். துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அமைச்சர் வந்தார், போனார். பேப்பரில் கை குலுக்கும் போட்டோ வந்தது. உறவு வலுப்பட்டதாகப் போட்டிருந்தார்கள். எங்கள் தீர்மானம் கேட்டதும் அதைத்தான்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தொலைந்துபோனவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவளும் வந்திருந்தாள். அதே பந்தல், அதே இரண்டு நாற்காலி. அழுதுகொண்டு வந்தவர்களை உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், துண்டுத்தாளில் எழுதி என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிப் படித்தேன். பேர், ஊர், சேலை நிறம். மதியம் முழுக்க எங்களுக்குள் தாள் மட்டும் கை மாறியது. சாயங்காலம் ஒரு பெண் ஓடிவந்து, தவறிப்போன தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு பந்தல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோழி என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பார்த்தேன்.

அவள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். நல்லபடியாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். உண்மையாகவே எனக்கு நிம்மதி. இதில் யார் பெயரையும் நான் எழுதாததற்கு அவனும் ஒரு காரணம். அம்மாவின் பெயரை எழுதாமல் விட்டது மட்டும் வேறு காரணத்துக்காக. அதை எழுதினால் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அது காதில் விழவேண்டிய பெயர்.

குழுவை விட்டு நான் விலகவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. அத்தையிடம், “கூட்டியாருவனான்னு தெரில அத்த, ஆனா கேக்கப் போறேன்,” என்று மட்டும் சொன்னேன். போன திங்கட்கிழமை நைனா மண்டிக்கு லீவு சொன்னார். காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். நைனாவின் கைநாட்டும் என் கையெழுத்தும் போட்ட மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் டிவிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் மைக்கோடு நின்றிருந்தார்கள். வேறு யாரோ முக்கியமானவருக்காக நின்றவர்கள். நானே அவர்களிடம் போனேன்.

“இன்னா மேட்டரும்மா?” என்றார் ஒருவர்.

“ஒருத்தர காணோம்ணா. கூப்புடணும்.”

மைக்கை நீட்டினார். நைனா பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். யாருடைய மனைவி, எந்த ஊர், எந்த நாட்டில், எந்த நகரத்தில் என்று சொன்னேன். கடைசியாகப் பார்த்தபோது கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று சொன்னேன். பந்தலில் சொல்வதைப்போலவே, அவசரமில்லாமல், ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன்.